எங்கும் நிறைந்தவனைத் தேடி எங்கே போவது?

இறைவன் எங்கும் நீக்கமற நிறைந்திருப்பவன் என்பது சைவ சித்தாந்தத்தின் முடிந்த முடிபு. பாடசாலையிலே சைவநெறிப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். அப்படியானால், வீட்டு முற்றத்திலும் வயல் வரம்பிலும் ஊர்க் கோயிலிலும் இருக்கின்ற அதே இறைவனைக் காண்பதற்கு, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, முழுகி, கட்டுச்சோறும் கட்டி, வான் பிடித்து, யாழ்ப்பாணத்திலிருந்து நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும் திருக்கேதீச்சரத்துக்குப் போகவேண்டிய தேவை என்ன?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் எல்லாரையும் நாத்திகர் என்று ஒதுக்கிவிடக் கூடாது. முழங்கால் வருத்தத்தால் வான் படியில் ஏற முடியாத முதியவர் கேட்கிறார். நாட்கூலிக்குப் போகும் குடும்பத் தலைவர், ஒரு தலைக்கு எவ்வளவு வரும் என்று வான் கூலியை எண்ணிப் பார்த்துவிட்டு மனத்துக்குள்ளே கேட்கிறார். பெருந்தொற்று வந்த 2020, 2021 ஆம் ஆண்டுகளிலே திருவிழாக்களை வீட்டிலிருந்து திரையிற் பார்த்துப் பழகிய இளம் பிள்ளைகளோ வெளிப்படையாகவே கேட்கிறார்கள். நேர்மையாகக் கேட்கப்படும் கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லவேண்டியது பெரியோர் கடன். சாமி விஷயத்தில் இப்படியெல்லாம் கேட்கப்படாது என்று வாயை அடைத்துவிடுவது விடையாகாது.

சைவப் பிரசங்க மேடைகளிலே இதற்கு வழமையாகக் கூறப்படும் உவமை ஒன்று உண்டு. பசுவின் உடலெங்கும் பரவியிருக்கும் பால் அதன் மடியின் வழியாகவே வெளிப்படுவது போல, எங்கும் பரந்துள்ள இறைவன் திருக்கோயிலிலே விளங்கித் தோன்றி அருள் செய்கிறான் என்பர். நல்ல உவமைதான். எனினும் ஊரிலே மாடு வளர்த்தவர்களுக்கு அதற்கு மேலும் ஒரு செய்தி தெரியும். மடி இருக்கின்றது என்பதற்காகப் பால் தானாகச் சுரந்துவிடாது. கன்று ஓடிவந்து முட்ட வேண்டும். பழகாத கை பட்டால் பாலை அடக்கிக்கொள்ளும் பசுக்களும் உண்டு. மேலும், இந்த உவமை கோயிலுக்கு ஏன் போகவேண்டும் என்பதற்குத்தான் விடை தருகின்றது. ஊரிலே ஒரு கோயில் இருக்கத் தூரத்துக் கோயிலுக்கு ஏன் போகவேண்டும் என்பதற்கு அது விடை தரவில்லை. ஊர்ப் பிள்ளையாரும் மடிதான், கேதீச்சரநாதரும் மடிதான். பிறகேன் வான் கூலி?

மெய்கண்ட தேவர் 13ஆம் நூற்றாண்டிலே அருளிச்செய்த சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் இந்த இடத்தில் சிந்திக்கத்தக்கது. மலம் நீங்கி ஞானம் கைவரப் பெற்றவர்களும் அடியார் கூட்டத்தோடு சேர்ந்து, அடியாரின் திருவேடத்தையும் திருக்கோயிலையும் அரன் எனவே கண்டு தொழுவர் என்பது அதன் கருத்து. கோயிலும் யாத்திரையும் பாமரர்க்கு உரியவை, படித்து அறிந்தவர்க்கு அவை வேண்டாம் என்று பேசுவோருக்கு அந்தச் சூத்திரமே போதிய மறுமொழி. இன்னொன்றும் அங்கே கவனிக்க வேண்டும். கோயிலைச் சொல்வதற்கு முன்னர் அடியாரைச் சொல்லியிருக்கிறார் மெய்கண்டார். கல்லும் கோபுரமும் பிறகு, அடியார் முதல்.

இதனோடு பெரிய புராணத்திலே சேக்கிழார் சொல்லும் ஒரு நிகழ்ச்சியைச் சேர்த்துப் பார்க்கலாம். திருஞானசம்பந்தப் பிள்ளையார் திருவாலங்காட்டை நெருங்குகிறார். காரைக்காலம்மையார் தலையாலே நடந்து வழிபட்ட ஊர் அது என்ற நினைவு வந்ததும், அந்த மண்ணிலே தம் கால் படுவதற்கு அஞ்சி, ஊருக்குள் புகாமல் அயலிலே தங்கிவிடுகிறார். அன்றிரவு இறைவன் கனவிலே தோன்றி, எம்மைப் பாட மறந்தாயோ என்று நினைவூட்டியதாக வரலாறு. சம்பந்தர் அஞ்சியது இறைவன் இருக்கும் இடத்தை மிதிக்க என்றால், அவர் எந்த ஊரிலும் கால் வைத்திருக்க முடியாது. அம்மையாரின் தலை பட்ட மண் என்பதனாலேயே அவர் தயங்கினார். இறைவன் எங்கும் ஒரே படித்தாய் இருக்கிறான் என்பது உண்மை. ஆனால் அடியாரின் கண்ணீரும் வியர்வையும் எங்கும் ஒரே படித்தாய் விழவில்லை. ஒரு மண்ணைத் தலம் ஆக்குவது, அங்கே எத்தனையோ தலைமுறையாக வந்து அழுதும் பாடியும் போனவர்களின் வரவுதான். தூரத்துத் தலத்துக்குப் போகின்றவர் அவர்கள் நடுவிலே தாமும் ஓரிடத்தில் நிற்கப் போகிறார்.

திருக்கேதீச்சரத்தை விட இதற்கு நல்ல உதாரணம் எமது நாட்டிலே இல்லை.

மன்னார் நகரிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவிலே, பழைய மாதோட்டத் துறைமுகம் இருந்த இடத்திலே, பாலாவித் தீர்த்தக் கரையில் அமைந்தது இத்தலம். கேது வழிபட்டதனால் கேதீச்சரம் என்று பெயர் பெற்றதென்பர். ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தரும், பின்னர் சுந்தரமூர்த்தி சுவாமிகளும் இதன்மீது பதிகம் பாடினர். பாடல் பெற்ற தலம் என்று எம்மவர் பெருமையோடு சொல்லிக்கொள்வது இதனையும் திருக்கோணேச்சரத்தையும்தான். ஆனால் அந்தப் பதிகங்கள் பாடப்பட்ட விதத்தை நின்று யோசிப்பவர்கள் குறைவு. சம்பந்தரும் சுந்தரரும் இராமேச்சரத்துக்கு வந்து, அங்கிருந்தபடியே கடலுக்கு அப்பாலுள்ள ஈழத்துத் தலத்தைப் பாடினார்கள் என்பதே பெரிய புராணம் தரும் செய்தி. அவர்கள் தோணி ஏறி மாதோட்டத்தில் இறங்கியதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. இத்தலத்துக்கு இத்தனை பெருமையைத் தேடித்தந்த இருவரும் பாலாவியில் முழுகாமலே பாடியவர்கள்!

போகாமலே பாடலாம் என்றால் போகாமலே கும்பிடலாம்தானே என்று யாராவது கேட்கக்கூடும். கேட்கட்டும். சிதம்பரத்திலும் திருவாரூரிலும் வீட்டிலிருந்தபடி பாடிவிட்டு ஓய்ந்தவர்கள் அல்லர் அவர்கள். இந்தியக் கரையின் கடைசி மணல் வரைக்கும் வந்த பிறகே கடலுக்கு இப்பால் நின்று பாடினார்கள். போகக்கூடிய தூரமெல்லாம் போய்விட்டு, போக முடியாத இடத்திலே நெஞ்சை அனுப்பியவர்களின் கதை இது. முற்றத்தைத் தாண்டாதவர்கள் இதைத் தமக்குச் சாதகமாக எடுத்துப் பேசுவது பொருந்தாது.

போர்த்துக்கேயர் காலத்திலே, 16ஆம் நூற்றாண்டில், கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பர். பிறகு ஏறக்குறைய 300 ஆண்டுகள் மாதோட்டத்திலே கோயில் என்று சொல்ல எதுவும் இல்லை. காடு மூடிவிட்டது. சைவத்துக்கு ஆதரவாக ஓர் அரசு இல்லை, தலத்திலே மூர்த்தி இல்லை, பூசை இல்லை. இருந்தது பதிகம் மட்டுமே. தேவார ஏட்டிலே மாதோட்டம் என்றும் பாலாவி என்றும் எழுதியிருந்தபடியால்தான், காட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்பது பின்வந்தவர்க்குத் தெரிந்தது. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் 1872 ஆம் ஆண்டிலே, அழிந்து கிடக்கும் திருக்கேதீச்சரத்தை மீண்டும் எடுப்பிக்க வேண்டும் என்று சைவ மக்களுக்கு எழுதி வேண்டினார். 1879 இல் அவர் சிவபதம் அடைந்தார். கோயில் நிலம் சைவர் கைக்கு வந்தது 1893 இல். மறு ஆண்டு அகழ்ந்தபோது பழைய சிவலிங்கம் முதலியன கிடைத்தன. சிறிய கோயில் ஒன்று எழுந்தது 1903 இல். வேண்டுகோள் விடுத்தவர் அதிலே ஒன்றையும் கண்ணாற் காணவில்லை.

1948 இலே திருப்பணிச் சபை அமைந்தது. அதற்கு உயிராக நின்றவர் சேர் கந்தையா வைத்தியநாதன். அரசாங்க சேவையிலே நிரந்தரச் செயலாளர் என்ற உச்சப் பதவியிலும் பின்னர் அமைச்சராகவும் இருந்தவர். அப்படிப்பட்ட பதவிகளிலிருந்து இளைப்பாறியவர்கள் கொழும்பிலே நல்ல வீட்டில் சாய்மனைக் கதிரையில் இருந்து பத்திரிகை வாசிப்பதுதான் உலக வழமை. அவரோ மன்னார் வெயிலிலே கல்லையும் மண்ணையும் கணக்குப் பார்த்தார். அவரும் 1965 இல் காலமானார். திருப்பணி நிறைவேறிய பெருங் கும்பாபிஷேகம் நடந்தது 1976 இல்.

அந்தக் கோயிலுக்கும் சோதனை வந்தது. 1990 இலே போர்ச் சூழலினால் வழி அடைபட்டது. நித்திய பூசையும் இல்லை, போக்குவரத்தும் இல்லை. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர்தான் மீண்டும் கதவு திறந்தது. 1985 இலே பிறந்த ஒரு பிள்ளை பதினேழு வயது வரையில் திருக்கேதீச்சரத்தைக் காணாமலே அதன் பதிகத்தைப் பண்ணோடு ஓதப் பழகியிருக்கும். சம்பந்தர் கடலுக்கு அப்பால் நின்றார். இந்தப் பிள்ளை காவலரணுக்கு இப்பால் நின்றது. மீண்டும் சண்டை, மீண்டும் இடப்பெயர்வு, 2009 இல் போர் முடிவு. 2011 இலே சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின், பூநகரியூடாக யாழ்ப்பாணத்தார் நேரே மன்னாருக்குப் போகும் வழி சுருங்கிற்று. இந்திய அரசின் உதவியோடு, மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரியின் கைவண்ணத்திலே கருங்கல்லால் கோயில் மீண்டும் எழுந்து, 2022 ஜூலையிலே கும்பாபிஷேகம் கண்டது.

இவ்வளவையும் இங்கே வரிசையாகச் சொன்னது வரலாறு படிப்பிப்பதற்காக அன்று. தல யாத்திரை போகின்றவர் மனத்தில் வழமையாக எழும் கேள்வி, போனால் என்ன கிடைக்கும் என்பது. கல்யாணம் கூடுமா, பிள்ளைக்கு விசா வருமா, கேது தோஷம் கழியுமா? கேட்பதிலே குற்றம் இல்லை. துன்பம் வந்தவர் தாயிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? ஆனால் அதே கேள்வியை நாவலர் பெருமான் கேட்டிருந்தால் 1872 இல் ஓர் எழுத்தும் எழுதியிருக்க மாட்டார். தமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்காதவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தபடியால்தான், கிடைக்குமா என்று கேட்பதற்கும் இன்று ஒரு சந்நிதி இருக்கின்றது. போவதற்கு ஆளில்லாத தலம் காடாகும் என்பதை மாதோட்டம் ஒரு தரம் காட்டிவிட்டது. ஆகவே பழந்தலத்துக்குப் போவது, போகின்றவருடைய புண்ணியக் கணக்கில் வரவு வைப்பதற்கு மட்டும் உரிய செயல் அன்று. முன்னே நின்றவர்களுக்குத் தீர்க்கவேண்டிய கடனும் அதிலே உண்டு. இறைவனுக்கு எவர் வரவும் தேவையில்லை. தலத்துக்குத் தேவை.

இது ஒரு பக்கம். போகின்றவருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது மற்றப் பக்கம்.

ஊர்க் கோயிலிலே ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. இது இன்னாருடைய திருவிழா, இது இன்ன பகுதியாரின் உபயம், காளாஞ்சி முதலில் யாருக்கு, வடம் தொடும்போது முன்னுக்கு நிற்பவர் யார் என்பதெல்லாம் எழுதாத சட்டம். தர்மகர்த்தாக்களுக்கும் பரிபாலன சபையாருக்கும் சொல்லவே வேண்டாம். சால்வையும் மாலையும் தானாக வந்து சேரும். இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் ஊர்க் கோயில் நடவாது என்பதும் உண்மை. ஆனால் மூலஸ்தானத்துக்கு முன் நிற்கும்போதும், பின்னால் நிற்பவர் தம்மைப் பார்க்கிறாரா என்று ஒரு கண் திரும்புவதற்கு இந்த ஒழுங்கே காரணமாகி விடுகின்றது. ஐயர் முதலில் யாருக்குத் திருநீறு கொடுத்தார் என்பதிலே தொடங்கிய மனத்தாங்கல் மூன்று தலைமுறையாக நின்ற ஊர்களும் உண்டு.

திருக்கேதீச்சரத்திலே மகா சிவராத்திரி நாளில் நடப்பதைப் பார்க்க வேண்டும். அகழ்ந்து எடுத்த பழைய மகாலிங்கம் பிரகாரத்திலே எழுந்தருளியிருக்கிறது. அடியார்கள் பாலாவியிலே முழுகி, குடத்திலே தீர்த்தம் மொண்டு, ஈர உடுப்போடு வந்து, தங்கள் கையாலேயே அந்த லிங்கத்துக்கு அபிஷேகம் செய்கிறார்கள். குடம் பிடித்திருப்பவர் உத்தியோகத்தரா, தோட்டத் தொழிலாளியா, எந்த ஊர், எந்தப் பகுதி என்று அந்த வரிசையிலே கேட்பவர் இல்லை. ஊரிலே தலைவராக இருந்தவர் அங்கே ஈர வேட்டியோடு நிற்கும் இன்னோர் ஆள். அவருக்கு முன்னே நிற்கும் அம்மாவின் குடம் சின்னது. பின்னே நிற்கும் பிள்ளையிடம் குடமும் இல்லை, ஒரு பிளாஸ்ரிக் போத்தல்தான். லிங்கத்தின்மேல் விழுந்த பிறகு எது யாருடைய தண்ணீர்?

தூரம் செய்கின்ற நன்மை இதுதான். உள்ளூரிலே ஒட்டிக்கொண்டிருக்கும் பெயரும் முறையும் வழியிலே ஒவ்வொன்றாய்க் கழன்று விழுகின்றன. கதிர்காமத்துக்குச் செல்வச்சந்நிதியிலிருந்து கரையோரமாகக் கால்நடையாய்ப் போகும் அடியார்கள் இதை நன்கு அறிவர். வழியிலே கிடைத்ததை உண்டு, கிடைத்த இடத்தில் படுத்து, ஒருவரை ஒருவர் சாமி என்றே அழைத்துக்கொண்டு போகிறார்கள். வீட்டிலே சோறு கொஞ்சம் குழைந்தால் கோபிக்கும் மனிதர், உகந்தைக்கு அப்பால் காட்டுக்குள்ளே ஒரு சிரட்டை கஞ்சிக்குக் கைகூப்புகிறார்.

இந்த இடத்திலே திருநாளைப்போவார் நாயனாரை நினையாமல் இருக்க முடியாது. ஆதனூரிலே பிறந்து, நாளைக்குப் போவேன், நாளைக்குப் போவேன் என்று தில்லையை எண்ணியே காலத்தைக் கழித்தவர் அவர். தூரம் அவரைத் தடுக்கவில்லை. போனாலும் உள்ளே விடமாட்டார்கள் என்ற ஊர்க்கட்டுப்பாடே தடுத்தது. தில்லைக்கு வந்த பின்னும் எல்லையைச் சுற்றிச் சுற்றி நின்றார். இதைப் பழங்கதை என்று சொல்லித் தள்ளவும் முடியவில்லை. இலங்கையிலே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957 இல் வந்த பின்னரும், 1960களின் கடைசியில் யாழ்ப்பாணத்துக் கோயில் வாசல்களிலே உள்ளே விடு என்று கேட்டு மக்கள் அமர்ந்திருந்தார்கள். நந்தனாருக்காகக் கண்ணீர் விட்டுக் கதாப்பிரசங்கம் கேட்ட அதே ஊர்களிலேதான் அந்த வாசல்கள் பூட்டிக் கிடந்தன. பழந்தலத்திலே யாரோ தெரியாத ஒருவருக்குப் பக்கத்தில் நின்று அபிஷேகம் செய்தவர், ஊருக்கு வந்து தன் கோயிலிலே ஒருவரைத் தள்ளி நில் என்பாரானால், அவர் மாதோட்டம் போய் வந்தார் என்று சொல்வதற்கில்லை. வான் போய் வந்தது, அவ்வளவே.

அப்பர் சுவாமிகளின் கயிலை யாத்திரை இந்த விஷயத்தின் ஆழத்தைக் காட்டும். வயது முதிர்ந்த நிலையிலே கயிலைக் கோலத்தைக் காணவேண்டும் என்ற வேட்கை அவருக்கு எழுந்தது. காசி வரை உடன் வந்தவர்களை அங்கே விட்டுவிட்டுத் தனியே போனார். கால் தேய்ந்தது. கையாலே ஊன்றித் தவழ்ந்தார். கையும் சிதைந்தது. மார்பால் நகர்ந்தார். அதுவும் முடியாமற்போகப் புரண்டு புரண்டு போனார். அப்போது இறைவன் ஒரு முனிவர் வடிவில் எதிரே வந்து, மானிடர் கயிலையை அடைதல் ஆகாது, திரும்பிப் போம் என்றார். காணாமல் இந்த உடம்போடு திரும்பேன் என்பது அப்பரின் மறுமொழி. பின்பு, அங்கேயிருந்த பொய்கையிலே மூழ்கித் திருவையாற்றிலே எழுந்து எம் கோலம் காண்பாய் என்று இறைவன் அருளினான். அப்பர் மூழ்கினார். எழுந்தது சோழ நாட்டிலே, திருவையாற்றுக் குளத்திலே. கரையேறிப் பார்த்தால் யானையும் பிடியுமாய், சேவலும் பேடையுமாய் அங்கே வந்துகொண்டிருந்த சோடிகளெல்லாம் சிவமும் சத்தியுமாகத் தெரிந்தன.

திருவையாறு அவர் முன்னரே பலமுறை வழிபட்ட ஊர். அங்கே யானைகளும் கோழிகளும் முன்னரும் இருந்தன. அப்படியானால் இத்தனை பாடு எதற்கு, முதலிலேயே திருவையாற்றில் இருந்திருக்கலாமே என்று கணக்குப் பார்க்கும் மனம் கேட்கும். அப்படி இருந்திருந்தால் அவர் கண்டிருப்பது யானையும் கோழியும்தான். எங்கும் நிறைந்தவன் என்பது காசிக்கு அப்பால் கால் தேய்வதற்கு முன்னர் அவர் அறிந்த பாடம். பொய்கையிலிருந்து எழுந்த பிறகு அது அவர் கண்ட காட்சி. பாடத்துக்கும் காட்சிக்கும் இடையிலே உள்ள தூரத்தைத்தான் நடந்து கடக்க வேண்டியிருக்கிறது. எங்கும் இறைவன் உண்டு என்பதைச் சொல்லி வீட்டில் இருப்பவரும், அதையே சொல்லிக்கொண்டு யாத்திரையிலிருந்து திரும்புபவரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவரும் சொல்வது ஒன்றல்ல.

பூசலார் நாயனாரை எடுத்துக்காட்டி மனக்கோயில் போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருநின்றவூரிலே இருந்த அந்த ஏழை அந்தணர், முதலில் உண்மையான கற்கோயில் கட்டுவதற்கே பொருள் தேடி அலைந்தார். எங்கும் கிடைக்காமற்போன பின்னரே மனத்திலே கட்டத் தொடங்கினார். அதையும் ஒரு நொடியிலே கட்டி முடிக்கவில்லை. நாள் பார்த்து அடிநிலை இட்டு, சிற்பிகளை மனத்திலே வரவழைத்து, இரவும் கண் துயிலாமல், விமானமும் மதிலும் கிணறும் குளமுமாக ஆகம முறை தவறாது பலநாள் கட்டினார். காஞ்சியிலே பல்லவ மன்னன் கட்டிய கற்றளியின் கும்பாபிஷேக நாளை இறைவன் பின்போடச் சொன்னது அந்த உழைப்புக்காக. இருந்த இடத்தில் இருந்து, தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மனமே கோயில் என்று சொல்பவரின் மனத்திலே அத்திவாரக் கல்லாவது விழுந்திருக்குமோ தெரியாது.

ஆனால் போகாதவர் எல்லாரும் சோம்பேறிகள் அல்லர். இதை அழுத்திச் சொல்லவேண்டும். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு வேளைக்கு மருந்து கொடுப்பதற்காக, வான் புறப்படும்போது படலையடியிலே நின்று கையசைத்துவிட்டு உள்ளே போகும் மருமகள் ஒருத்தி எல்லா ஊரிலும் இருக்கிறாள். அவள் இழந்தது ஒன்றுமில்லை. அவளை விட்டுவிட்டுப் போகின்ற ஆண்மக்கள் தங்களை ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது: அடுத்த முறை இவள் போக, வீட்டில் யார் நிற்பது? முன்னோர் காசிக்குப் புறப்படுமுன் பட்ட கடனைத் தீர்த்து, பகைத்தவர் வீட்டுக்குப் போய்ப் பேசி, வீட்டுக் காரியங்களை ஒழுங்கு செய்துவிட்டே போனார்கள். திரும்பி வருவது நிச்சயமில்லாத காலம் என்பதனால் மட்டும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல முடியாது. தாயைத் தனியே விட்டு, அயலவன் காசைக் கொடாமல் விட்டு, அந்தக் காசிலே போய் ஏற்றிய நெய்விளக்கு யாருடைய விளக்கு என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்றைய யாத்திரை முறைகளைப் பற்றியும் சொல்லாமல் விடமுடியாது. ஒரே நாளிலே ஏழு கோயில் என்று துண்டு அடித்து ஒட்டுகிறார்கள். ஏழிலும் இறங்கி ஏறினால் ஒவ்வொன்றிலும் செருப்புக் கழற்றி மாட்டத்தான் நேரம் காணும். வெளிநாட்டிலிருந்து இரண்டு கிழமை லீவிலே வரும் பிள்ளைகளுக்கு நேரம் இல்லைத்தான். அவர்கள் இரண்டு தலத்தைக் குறைத்து, ஒரு தலத்திலே ஒரு காலப் பூசை முழுவதும் இருந்து பார்க்கலாம். கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்தபடி தீபாராதனை காண்பவர்களின் நிலை பரிதாபமானது. தீபத்தைக் கண்டது தொலைபேசி, அவர் அல்லர். சாப்பிட்ட பின் சொப்பிங் பையையும் வெறும் போத்தலையும் பாலாவிக் கரையிலே எறிந்துவிட்டு வருகின்றவர்கள், சம்பந்தரும் சுந்தரரும் காணாமலே ஏங்கிப் பாடிய கரை அது என்பதை அறிந்தால் எறிவார்களா?

முற்காலத்திலே யாத்திரை போய் வந்தவர் நேரே வீட்டுக்குப் போவதில்லை. ஊர்க் கோயிலுக்கு வந்து, ஒரு கற்பூரம் கொளுத்தி, கும்பிட்ட பின்னரே படலை திறப்பார். எங்கிருந்து அனுப்பினாரோ அவரிடமே வந்து சேர்ந்தேன் என்று சொல்வது போல. பிறகு, வரமுடியாதிருந்தவர்களின் வீடுகளுக்குத் திருநீறும் தீர்த்தமும் கொண்டு போவார். இந்த வழக்கம் இன்னும் முற்றாக விட்டுப்போகவில்லை. 1976 ஆம் ஆண்டுக் கும்பாபிஷேகத்துக்குத் தட்டிவானிலும் லொறியிலும் போய் வந்த தலைமுறையிலே, இப்போது வாசற்படி தாண்ட முடியாமல் இருக்கும் கிழவிகள் சிலர் ஊர்களில் உண்டு. அவர்கள் திருநீற்றை வாங்கி நெற்றியிலே பூசி, மிச்சத்தைச் சீலைத் தலைப்பிலே முடிந்துகொண்டு, புதுக் கருங்கல் மண்டபத்தைப் பற்றியோ வாகனத் தரிப்பிடத்தைப் பற்றியோ கேட்பதில்லை.

“பாலாவியிலை தண்ணி நிறையக் கிடக்கோ மோனை?” என்று கேட்பார்கள்.

போய் வந்தவர் அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவராக இருக்கவேண்டும்.